இதர விவரங்கள்

பதினோரு பங்காளிகள்.
மூன்று பேர் சென்னை, ஒருவர் ஈப்போ,
மிச்சப் பேர் எங்கே என்று கேட்கவில்லை.
அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு எண்.
டேப்போடு தேவகோட்டைக்கு வந்தேன்.

முகப்பில் நாலு அடுக்குப் பெயிண்ட்.
மழை பெய்த மறுநாள் மட்டும்
அடியிலிருந்து எழுத்து கசியும் என்றார்
எதிரே பஞ்சர் ஒட்டுகிறவர்.
நேற்று மழை.
தென்சீமை பாங்க் என்பதில்
'தென்' நன்றாகத் தெரிந்தது, 'பாங்க்' பாதி.
நடுவே ஏதோ ஒரு கட்சிக் கொடியின் சிவப்பு.

நீளம் எழுபத்திரண்டு அடி. அகலம் நாற்பத்தொன்று.
பணம் போட வந்தவர்கள் நின்ற பக்கம் இத்தாலிக் கல்,
குமாஸ்தாக்கள் உட்கார்ந்த பக்கம் ஆத்தங்குடிக் கல்.
இடையில் இருந்த பித்தளைக் கம்பி
எங்கே போனதென்று
யாருக்கும் தெரியாது என எல்லோரும் சொன்னார்கள்.

இரும்பறைக் கதவுதான் முதலில் வந்தது.
பர்மிங்காமில் வார்த்தது.
ரஸ்தா ஸ்டேஷனில் இறக்கி
ஒன்பது ஜோடி மாடு இழுத்து வந்து
பொட்டலில் நிறுத்திவிட்டு
அதைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள்.
ஆறு மாதம், வெறும் வெயிலில்
ஒரு கதவு மட்டும் நின்றிருக்கிறது,
பூட்டியபடி.
ஆடுகள் அதன் நிழலில் படுத்திருக்கும். இது ஊகம்.
இடித்தாலும் அது அப்படியேதான் நிற்கும்.
இது ஊகமில்லை, எடை.

மற்றதெல்லாம் கோர்ட்டுக் காகிதத்தில் இருந்தது.

ரங்கூன் விழுந்த வாரம்
விடிவதற்குள் வரிசை
சிலம்பணிப் பிள்ளையார் வரை போயிருந்தது.
பெட்டியில் ஒரு பொழுதுக்கான பணம்தான்.
மேலாள் நாச்சியப்பன் யாரையும் கலந்துகொள்ளவில்லை.
முன்வாசல் வழியாக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு,
மூட்டை மூட்டையாக வெள்ளி ரூபாய் உள்ளே போனது.
பின்வாசல் வழியாக அதே மூட்டைகள் வெளியேறி
சந்தைச் சுற்றி
மறுபடி முன்வாசல்.
மேலே இரண்டு கை வெள்ளி.
கீழே புளியங்கொட்டை.

பெட்டியடிப் பையன் உடையப்பன், சாட்சி எண் ஏழு,
குறுக்கு விசாரணையில்:
"பதினெட்டு நடை.
உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும்.
ஆனால் கனமாக இருந்ததுங்க.
நாலாவது நடைக்கு மேலே நானும் நம்பிட்டேன்."

சாட்சி எண் ஒன்பது, சிகப்பி, கோட்டையூர்.
போட்டிருந்தது ஆயிரத்து நூறு.
"மூட்டையைப் பார்த்தேன். திரும்பிட்டேன்.
பஸ்சும் உடனே கிடைச்சுது."

ஒன்பது வருடம் கழித்து அந்த பாங்க் செத்தபோது
வரிசை எதுவும் இல்லை.
ரூபாய்க்கு மூன்றரை அணா தேறியது.
சிகப்பிக்கு இருநூற்று நாற்பது ரூபாய் பத்து அணா.
நானும் போட்டுப் பார்த்தேன், கணக்கு சரி.

அப்புறம் பத்திர ஆபீஸ்.
அப்புறம் அரசாங்க பாங்கின் கிளை;
இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு
இவ்வளவு உயரத்துக்கு ஏசி நிற்காது என்று
பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டார்கள்.
அப்புறம் தேர்தலுக்குத் தேர்தல் திறக்கிற ஆபீஸ்.
இப்போது ஜபருல்லா, பந்தல், பாத்திரம் வாடகைக்கு.

இரும்பறைக்குள்
பிரியாணி அண்டாக்கள் கவிழ்ந்து கிடக்கின்றன.
ஒவ்வொன்றுக்கும் எண். நோட்டில் பெயர், தேதி, கையெழுத்து.
திரும்பி வந்ததைத் தட்டிப் பார்க்கிறார்,
சத்தம் மாறினால்
நசுங்கலுக்குப் பிடித்துக்கொள்கிறார்.
"முன்பணம் இல்லாம ஒரு கரண்டிகூட
இந்தக் கதவைத் தாண்டாது சார்."

ஈப்போ போனில் வந்தார்.
தேக்கு எத்தனை கன அடி?
சொன்னேன்.
கதவு?
பழைய இரும்பு விலை சொன்னேன்,
பெயர்க்கிற கூலி அதைவிட அதிகம் என்பதையும்.
கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில்
மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

டேப்பைச் சுருட்டும்போது
இரும்பறை வாசற்படியின் கீறலில்
ஒரு புளியங்கொட்டை.
ரசத்துக்குக் கரைத்தவர்கள் விட்டதாக இருக்கும்.
அப்படித்தான் இருக்கும்.
ஜபருல்லா அந்தப் பக்கம் திரும்பியபோது
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

படிவத்தின் கடைசிக் கட்டம், இதர விவரங்கள்.
ஏதுமில்லை என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.